மூத்தாள் கை விதை

மழை பிடித்து இரண்டாவது வாரமாகியும் ஒபோன்யோ வீட்டு நிலம் மட்டும் விதை விழாமல் கிடந்தது. இரண்டு முறை உழுது, கட்டி உடைத்து, சாணம் இறைத்து வைத்த நிலம். பக்கத்து வயல்களில் பெண்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். முந்திக்கொண்டவர்களின் வயலில் மக்காச்சோளம் சுருட்டிய இலையாக மண்ணுக்கு மேலே வந்துவிட்டது. அபொண்டி தன் வீட்டு வாசலில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். விதை அவள் கட்டிலுக்கு அடியில் பையோடு இருந்தது. உரம் இருந்தது. மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டாயிற்று. இல்லாதது டோர்சிலா மட்டும்தான்.

டோர்சிலா மூத்தாள், செமெயிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அபொண்டி இளையாள், பிறந்த ஊர் உயோமா. இருவருக்கும் புருஷனான ஒபோன்யோ இறந்து மூன்று வருஷமாகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வளவுக்குள் முதல் விதையை மூத்தாள்தான் போட வேண்டும். அவளுக்குப் பிறகு இளையாள், பிறகு மகன்கள், மருமகள்கள் என்று வரிசை இறங்கும். வயல் முழுக்க நட வேண்டியதில்லை. மூத்தாள் கையால் ஒரு பிடி மண்ணில் விழுந்தால் போதும், மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும். மீறினால் சிரா பிடிக்கும். தின்னத் தின்ன உடம்பு கரைகிற நோய் அது. மீறியவளை மட்டும் பிடித்தால் போகிறது என்று விடலாம். அது பிள்ளைகளையும், பிள்ளைகளின் பிள்ளைகளையும் தேடிப் போய்ப் பிடிக்கும். அபொண்டிக்கு ஒரே மகள் மிகால், தெற்கே மிகோரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய கைக்குழந்தை போன மாதம்தான் மலேரியாவிலிருந்து எழுந்திருந்தது.

டோர்சிலா கிறிஸ்துமஸுக்கு முன்பே நைரோபிக்குப் போய்விட்டாள். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோது மகன் ஒடேரா வந்து, ஒரு மாதம் இருந்து வைத்தியம் பார்த்துக்கொள் என்று கூட்டிப் போனான். போகும்போது அவள் வீட்டையும் அடுக்களையையும் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அதற்கு முந்தின நாள் இருவருக்கும் ஒரு கோழியை வைத்துச் சண்டை. கோழி டோர்சிலாவுடையது, அதில் தகராறு இல்லை. அது அபொண்டியின் வீட்டு மூலையில் முட்டையிட்டது. முட்டை யாருக்கு என்பதுதான் வழக்கு. இருவரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து மணத்தக்காளிக் கீரையை ஆய்ந்தபடி பொழுது சாயும்வரை வாதாடினார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான். மூத்தாள் வீடு வளவின் வாயிலைப் பார்த்து நடுவில் இருக்கும். இளையாள் வீடு அதற்கு வலப்பக்கம். இந்த வாசலில் பேசுவது அந்த வாசலுக்குக் கத்தாமலே கேட்கும். ஆனாலும் கத்துவார்கள்.

டோர்சிலா போன முதல் வாரம் அபொண்டிக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் அவள் கோழியைத் திட்ட ஆரம்பித்தாள். ஜனவரியில் களி கிண்டும்போது ஒரு ஆளுக்கான மாவு எவ்வளவு என்று கை அறியாமல் தினமும் மிஞ்சியது. மிஞ்சியதைக் கோழி தின்றது. மாலையில் வாசலில் உட்கார்ந்தால் எதிரே பூட்டிய கதவு. பூட்டில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

முதல் மழை விழுந்த அன்று ஈசல் கிளம்பியது. அபொண்டி புற்றின் வாயில் பாத்திரம் வைத்துப் பிடித்து, வறுத்து, உப்புப் போட்டுக் காயவைத்தாள். அதில் பாதியை ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்தாள். டோர்சிலாவுக்கு ஈசல் என்றால் உயிர். மறுநாள் மாலை முதல் தடவையாக நைரோபிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, மழை பிடிச்சிருச்சு."

"யாரு?"

"யாரா? உனக்கு எத்தனை உயோமாக்காரி இருக்கா?"

"ஓ, நீயா. என்ன வேணும்?"

"என்ன வேணுமா? வந்து விதையப் போடு. ஊரே குனிஞ்சாச்சு, நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"எங்க வீட்டுக் கூரை ஒழுகுதா?"

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன கேக்குற?"

"கட்டில் இருக்கிற பக்கம் தகரத்துல ஆணி பேந்திருந்துச்சு. வெளியில நின்னு பாத்தாலே தெரியும். போய்ப் பாரு."

"பாக்குறேன். நீ எப்ப வர்ற?"

"நாளைக்குக் கிளம்புறேன்."

மறுநாள் அவள் வரவில்லை. மாலையில் போன் செய்தபோது கொய்யா மரத்தில் பூ வைத்திருக்கிறதா என்று கேட்டாள். அடுத்த நாள் வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்றாள். அதற்கடுத்த நாள் ஒபோன்யோவின் புதைமேட்டில் மழைநீர் தேங்குகிறதா என்று. அபொண்டி ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தாள். கூரையில் ஏணி வைத்து ஆணி அடித்தாள். புதைமேட்டைச் சுற்றிச் சின்னதாகக் கால்வாய் வெட்டிவிட்டாள். ஒவ்வொரு நாளும் பேச்சு முடியும்போது டோர்சிலா சொன்னாள்: "நாளைக்கு."

காத்திருக்கிறவளுக்கும் மழைக்காலத்தில் வேலை ஓயாது. மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் உழுத மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் குறுக்கே பள்ளம் தோண்டி மண் அணைத்தாள். சர்க்கரைவள்ளிக் கொடிகளை நறுக்கி மேட்டுப் பாத்தியில் ஊன்றினாள். அதற்கெல்லாம் வரிசை கிடையாது, மக்காச்சோளத்துக்கும் சோளத்துக்கும்தான். பயிர்க்காலமாதலால் ஆடுகளை அவிழ்த்துவிட முடியாது. முளை மாற்றி முளை கட்டினாள். இதற்குள் உழுத நிலத்தில் களை பச்சை பிடித்துவிட்டது. விதைக்காத நிலத்தில் களை எடுத்த பெண் இந்த மேட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒபோன்யோவின் தம்பி ஒகுத்து, மாவு மில்லில் அவளைப் பார்த்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான். ஊரில் அந்தக் குடும்பத்து ஆண் என்று எஞ்சியிருப்பது அவன் ஒருவன்தான், அதுவும் பக்கத்து வளவில்.

"மதினி, அவசரப்பட்டு எதையும் போட்டுராதீங்க."

"அவசரமா? ஏப்ரல் வந்தாச்சு கொழுந்தனாரே. இப்ப நடலைன்னா பூ விடுற நேரத்துல மழை நின்னுரும். பிந்தி நட்டதைத்தான் படைப்புழு முதல்ல தேடி வரும். வருஷம் பூரா நான் என்னத்தத் தின்ன, உங்க புத்திமதியவா?"

மில்லில் மாவு அள்ளிக்கொண்டிருந்த துர்ஃபெனா தலையைத் தூக்கினாள். பக்கத்து வயல்காரி, வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. "ஏன், போனை ஸ்பீக்கர்ல போட்டு வயல் நடுவுல வைக்க வேண்டியதுதான? 'விழு விதையே, விழு'ன்னு செமெக்காரி அங்க இருந்தே சொல்லட்டும்."

ஒகுத்து இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். "குரல் கணக்குல சேராது. கை வேணும்."

"அப்ப கையப் பார்சல்ல அனுப்பச் சொல்லுங்க. பஸ்ல ஏத்திவிட்டா காலையில யாலாவுல இறக்கிருவாங்க."

மில்லில் எல்லோரும் சிரித்தார்கள். அபொண்டியும் சிரித்தாள். பிறகு மாவு மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வீட்டுக்கு வந்தாள். வழியில் சபைப் போதகர் குடையோடு எதிர்ப்பட்டு, இயேசு இந்த வழக்கங்களையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டார், தைரியமாக நடு தாயே என்றார். அவர் சொன்னதை அபொண்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவருடைய வயலில் அவர் அம்மா விதை போட்ட பிறகுதான் அவர் மனைவி மண்வெட்டியைத் தொட்டாள் என்பதை இந்த மேட்டில் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அன்று அவள் ஒடேராவைக் கூப்பிட்டாள். அவன் லாரி கம்பெனியில் வேலை செய்கிறவன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"சின்னம்மா, நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு தடவை டிக்கெட் எடுத்துட்டேன். பை கட்டி வச்சாச்சு. காலையில எந்திரிச்சு முட்டி வலிக்குதுங்குது."

"நிஜமாவே வலிக்குதா?"

"வலி இருக்கு. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாலு மாடி இறங்கி சர்ச்சுக்குப் போயிட்டு வருது. அன்னைக்கு வலி இல்ல." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சாயங்காலம் ஆனா போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துரும். நீங்க கூப்பிடுற வரைக்கும் சாப்பாட்டைத் தொடாது. பேசி முடிச்சதும் என் பொண்டாட்டிகிட்ட, 'பாத்தியா, நான் இல்லாம அங்க ஒரு விதை விழாது'ன்னு சொல்லிட்டு நல்லாச் சாப்பிடும். மத்த நேரம் பேச்சே கிடையாது. இங்க அதுக்கு யாரைத் தெரியும்? ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துத் துணிதான் தெரியும்."

அபொண்டிக்கு முதலில் வந்தது கோபம். வளவின் நடுவில் நின்று, பூட்டிய கதவைப் பார்த்து, சத்தம் போட்டுத் திட்டினாள். என் வருஷத்துச் சோற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, உன் முட்டி முறிய என்றாள். கோழி ஓடியது. பதில் சொல்ல ஆள் இல்லாததால் திட்டு சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

அன்று மாலை அவள் போன் செய்யவில்லை. அடுத்த மாலையும் செய்யவில்லை. போன் மேசைமேல் கிடந்தது. அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, ஏரிக் கருவாட்டுக் குழம்பும் களியும் தின்றாள். தகரத்தில் மழை இறங்கும் சத்தத்தில் மெல்லுகிற சத்தம்கூடக் காதில் விழவில்லை. அடுத்த நாள் மாலை அதுவாகவே அடித்தது. டோர்சிலா அவளைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"செத்துட்டியா?"

"செத்தா போனை எடுப்பாங்களா?"

"ரெண்டு நாளா கூப்பிடல."

"எதுக்குக் கூப்பிடணும்? கூப்பிட்டா கூரை, கொய்யா, வாய்க்கான்னு வேலை சொல்ற. உனக்குக் கூலிக்கு நிக்கிறேனா?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை ஒன்று சிணுங்கியது.

"அங்க மழையா?" என்றாள் டோர்சிலா.

"மழைதான்."

"போனை வெளிய நீட்டு."

அபொண்டி வாசலுக்கு வந்து கையை நீட்டினாள்.

"இது உன் வீட்டுத் தகரம். எங்க வீட்டுப் பக்கம் போ."

"சேறு முழங்கால் மட்டும் இருக்கு."

"போடீன்னா."

அவள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய், பூட்டிய வீட்டின் இறவாரத்துக்குக் கீழே நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். காதில் திரும்ப வைத்தபோது டோர்சிலா "ம்" என்று மட்டும் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேளு. விதையப் போட்டுட்டா அப்புறம் உன்னை யாரு கூப்பிடுவாங்கன்னுதான நீ உக்காந்திருக்க?"

"யாரு சொன்னா? ஒடேரா சொன்னானா?"

"யாரும் சொல்ல வேணாம். முப்பது வருஷமா உன் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா உன்னை? இங்க பாரு. நட்டா முடிஞ்சிருமா? களையெடுக்கணும். சுடுமல்லிக் களை வந்து வேரை உறிஞ்சும். புழு வரும், குரங்கு வரும். ஒவ்வொண்ணுக்கும் எனக்கு யாரையாவது திட்டியாகணும். இந்த வளவுல கோழிய விட்டா யாரு இருக்கா? சாயங்காலம் கூப்பிட்டு உன்னத்தான் திட்டுவேன். எடுக்கலன்னா இன்னும் மோசமாத் திட்டுவேன்."

அந்தப் பக்கம் யாரோ டிவியை அணைத்தார்கள்.

"அந்த முட்டை என்னுதுதான்," என்றாள் டோர்சிலா. போன் துண்டித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை மோட்டார்சைக்கிள் ஒன்று சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு வளவுக்குள் வந்தது. பின்னால் டோர்சிலா, மகனுடைய கனத்த கம்பளிச் சட்டையில், செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி. இறங்கியதும் நாலாபக்கமும் பார்த்தாள். வணக்கம் சொல்லவில்லை.

"உழுததா இது? பன்னி கிளறின மாதிரி இருக்கு."

"பன்னி ரெண்டு தடவ கிளறுச்சு. நீ வர்றதுக்குள்ள களை முளைச்சு, அதை வேற எடுத்துச்சு."

"இளைச்சிருக்க."

"நீ ஊதியிருக்க. நைரோபியில ரொட்டியாத் தின்னியா?"

டோர்சிலா சாவியை வெளியே எடுத்துப் பூட்டைத் திறந்தாள். அடுக்களைக்குள் ஈர மண் வாடை. அடுப்புக்கு மேலே உத்தரத்தில் விதைக் கதிர்கள் தோகையோடு கொத்தாகத் தொங்கின. போன அறுவடையில் அவளே பொறுக்கிக் கட்டியவை. எங்கள் பக்கத்தில் விதைக் கதிரை அப்படித்தான் வைப்போம். தினமும் அடுப்புப் புகை பட்டால் வண்டு அண்டாது. அபொண்டி நிமிர்ந்து பார்த்தாள். கதிர்களுக்கு நேர் கீழே தரையில் வெள்ளையாக மாவு உதிர்ந்து கிடந்தது. கிறிஸ்துமஸிலிருந்து அந்த அடுப்பு மூட்டப்படவில்லை.

டோர்சிலா ஒரு கதிரை இழுத்து, கட்டைவிரலால் உதிர்த்துக் கையில் ஏந்தினாள். கண்ணுக்கு அருகே கொண்டுபோகவில்லை.

"அக்கா, வண்டு குத்தியிருக்கு போல. என்கிட்ட சந்தையில வாங்கின வீரிய விதை இருக்கு, அதுல ஒரு பிடி தர்றேன்."

"உன் கண்ணுல குத்தியிருக்கும் வண்டு. கடை விதையப் போட்டு வளவத் திறக்கச் சொல்றியா? என் மாமியா கையிலேருந்து வந்த விதைடீ இது."

அபொண்டி மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒகுத்து செய்தி கேட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டே வந்து வரப்பில் நின்றான். துர்ஃபெனா தன் வேலையை விட்டுவிட்டு வேலியில் சாய்ந்தாள். டோர்சிலா தன் வீட்டுக்கு நேர் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் இறங்கினாள். முட்டி மடங்கவில்லை. காலை விறைப்பாக வைத்து, இடுப்பிலிருந்து மட்டும் குனிந்து, மண்வெட்டி நுனியால் குழி பறித்து, விதையைப் போட்டு, கால் பெருவிரலால் மூடினாள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடியெடுத்து வைத்ததால் வரிசை வளைந்து வளைந்து போனது. அபொண்டி தன் வயலுக்கு என்று வைத்திருந்த கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"இதைக் கட்டிக்கோ. நேரா வரும்."

"கயிறு கட்டி நடுறவ இந்த வளவுல நீ ஒருத்திதான். பயிரா நடுற, துணியா காயப்போடுற?"

துர்ஃபெனா வேலியில் தலையை வைத்துச் சிரித்தாள். கையிலிருந்த பிடி தீர்ந்ததும் டோர்சிலா நிமிர்ந்தாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. அபொண்டியைப் பார்த்து முகவாயைத் தூக்கினாள். "போ. போடு."

அவ்வளவுதான். அன்று பகல் முழுதும் அபொண்டி நட்டாள். டோர்சிலா வயலோரத்தில் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, அந்த ஈசல் டப்பாவை மடியில் வைத்துத் தின்றுகொண்டே குறை சொன்னாள். குழி ஆழம் என்றாள், உரம் அதிகம் என்றாள், குனிகிற விதம் சரியில்லை என்றாள்.

"ஈசல் எனக்குன்னா எடுத்து வச்ச?"

"மிச்சம் கிடந்துச்சு. கோழிக்குப் போடலாம்னு இருந்தேன்."

பொழுது விழுவதற்குள் பாதி வயல் முடிந்தது. மறுநாள் மீதியும். அவள் இருந்த மூன்று மாலையும் இரண்டு வாசலிலும் ஆள் இருந்தார்கள். முட்டை வழக்கு மறுபடி எடுக்கப்பட்டது, தீரவில்லை.

திங்கள்கிழமை அவள் கிளம்பிவிட்டாள். மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்றாள். ஈரத்தில் முட்டி வேறு தேங்காய் போல வீங்கியிருந்தது. "அறுப்புக்கு வருவேன். முதக் கதிர் என் வரிசையிலேருந்துதான் ஒடிக்கணும், ஞாபகம் வச்சுக்க. அதுக்குள்ள பச்சைக் கதிர்னு எதையாவது சுட்டுத் தின்னா, தெரியும் சேதி." மோட்டார்சைக்கிளில் ஏறியவள் திரும்பிப் பார்க்கவில்லை. அபொண்டி வீட்டுக்குள் போனபோது கதவு நிலையில் இருந்த ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. அதில் இரண்டு சாவிகள்.

அதன் பிறகு மழை விடாமல் பிடித்துக்கொண்டது. காலையில் வெயில், மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வரும். மாலையில் அபொண்டி தன் அடுப்பை மூட்டிவிட்டு, ஒரு கொள்ளியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய் டோர்சிலாவின் அடுப்பையும் மூட்டினாள். சமைக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கே குந்தியிருந்து, புகை உத்தரத்துக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு வருவாள். தெருவில் போனவர்கள் இரண்டு கூரையிலும் புகை பார்த்து, "செமெக்காரி திரும்பிட்டாளா?" என்று கேட்டார்கள். இல்லை என்றால், "அப்ப யாரு இருக்கா?" என்றார்கள். அவள் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

அவளுடைய மக்காச்சோளம் முளைத்தது. கயிறு கட்டி நட்டது, நூல் பிடித்தாற்போல வயல் முழுதும் பச்சைக் கோடுகள். மூத்தாள் வீட்டுப் பின்பக்கத் துண்டு மட்டும் வெறுமையாக இருந்தது. பிந்தி வரும் என்று காத்திருந்தாள். தினமும் காலையில் முதல் வேலையாக அங்கே போய் நின்றாள். ஒரு நாள் காலையில் குந்தி உட்கார்ந்து, ஒரு குழியை விரலால் கிளறினாள். விதையின் தோல் மட்டும் இருந்தது, உள்ளே நசநசவென்று மாவு. அடுத்த குழியும் அப்படித்தான். கடைசி குழிவரை போய்ப் பார்த்தாள்.

ஒகுத்து அந்த வழியாக மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். வரப்பில் நின்று துண்டு நிலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"முளைக்கல போல."

"கை விழுந்துச்சுல்ல? நீங்களே நின்னு பாத்தீங்கள்ல?"

"கை விழுந்துச்சு." அவன் யோசித்தான். "முளைச்சுதான்னு வழக்கத்துல யாரும் கேட்டதில்ல." மாட்டின் கயிற்றை இழுத்தான். "ஆனா மதினி, அவங்க கேப்பாங்க."

டோர்சிலா அதற்கு முன்பே கேட்க ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு மாலையும் போனில் முதல் கேள்வி அதுதான். இன்னும் ஈரம் ஊறல என்று ஒரு நாள் சொல்லியாயிற்று. மண் இறுகியிருக்கு என்று ஒரு நாள். அன்றைக்கு அபொண்டி அந்தத் துண்டு நிலத்திலேயே நின்று பேசினாள்.

"முளைச்சிருச்சா?"

"எது?"

"எதுன்னா? என்னோடது."

அபொண்டி கீழே பார்த்தாள். மழை சமன் செய்த மண்ணில் கோழி நடந்த தடம் மட்டும் இருந்தது.

"முளைச்சிருச்சு."

"எல்லாமா?"

"ஒண்ணு ரெண்டு போயிருக்கும். வரிசைதான் பாக்கச் சகிக்கல. மாடு நடந்துகிட்டே மூத்திரம் பேஞ்ச மாதிரி போயிருக்கு."

டோர்சிலா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. பிறகு அவள் அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது கேட்டது: "முளைச்சிருச்சாம். வண்டு குத்தினதுன்னு சொன்னா அந்த உயோமாக்காரி. என் மாமியா விதை."

"உன்னோடதைவிட உயரமா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"இப்பத்தான தலையக் காட்டுது. ரெண்டு விரக்கடை குறைவு."

"எட்டிப் பிடிக்கும் பாரு. அதுக்கு உரம் போட்டுராத. சாணம் மட்டும் போடு. சாப்பிட்டியா?"

இதை அவள் இதுவரை கேட்டதில்லை.

"இனிமேதான்," என்றாள் அபொண்டி.

போனை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்த பையைக் கவிழ்த்தாள். ஒரு பிடிக்குக் கொஞ்சம் மேலேயே விதை மிஞ்சியிருந்தது. மண்வெட்டியை எடுத்தாள். வழக்கம்போல கயிற்றையும் எடுத்தாள். வாசலில் நின்று அதைத் திரும்ப உள்ளே எறிந்தாள். வானம் ஏரிப் பக்கம் மூடிக்கொண்டு வந்தது. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

துண்டு நிலத்தின் ஓரத்தில் தொடங்கி நான்கைந்து குழி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நேராக இருந்தது. கயிறு இல்லாமலே கை நேராகப் போயிருந்தது. காலால் மண்ணைத் தள்ளி எல்லாவற்றையும் கலைத்தாள். வேண்டுமென்றே ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று போட்டுப் பார்த்தாள். அது யாரோ விளையாட்டுக்குப் போட்டது போல இருந்தது, டோர்சிலா போட்டது போல இல்லை. அதையும் கலைத்தாள்.

மழைத்துளி முதுகில் விழுந்தது. டோர்சிலாவின் அடுக்களைக் கூரைக்கு அடியிலிருந்து புகை மெதுவாகக் கசிந்துகொண்டிருந்தது. அபொண்டி இரண்டு காலையும் விறைப்பாக வைத்துக்கொண்டாள். முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் குனிந்தாள். குழி பறித்து, விதையைப் போட்டு, பெருவிரலால் மூடினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுத்த அடி வைத்தாள். இடுப்பு வலித்தது. வரிசை தானாகவே கோணிக்கொண்டு போனது.